அந்தப் பல்லியின் பெயர் என்ன என்று கேளுங்கள்

கேள்வி: என் நெருங்கிய தோழி 14 வருஷமாக லெப்பர்ட் கெக்கோ என்ற வகைப் பல்லி ஒன்றை வளர்த்தாள். போன வாரம் அது இறந்துவிட்டது. போனில் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு யோசிக்காமல் "அந்தப் பல்லியா?" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் சரியாகப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பல்லி என்றாலே பயம், அதன் மேல் எனக்குப் பாசம் எதுவும் கிடையாது. நடிக்கவும் மனசு வரவில்லை. அவளுக்கு எப்படி ஆறுதலாக இருப்பது?

பதில்:

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். 14 வருஷம் என்று இருக்கிறது, என்ன வகைப் பல்லி என்று இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது, வாய் தவறி வந்த வார்த்தையும் இருக்கிறது. அதன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்குப் பெயர் தெரியாமலே இருக்கலாம், தெரிந்தும் எழுதத் தோன்றாமல் போயிருக்கலாம். ஆனால் நீங்கள் ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.

நான் எலி, ஆமை, மீன் என்று பல வருஷம் வளர்த்திருக்கிறேன். பாம்பு, சிலந்தி, ஓணான் வகை, பறவை வளர்ப்பவர்களோடு அதைவிட அதிக வருஷம் பழகியிருக்கிறேன். அவர்களில் பலர் தங்கள் பிராணி செத்த அன்று வீட்டில் சொல்ல முடியாமல் எனக்குப் போன் பண்ணி அழுதிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் கற்றதைத்தான் சொல்கிறேன்.

அவசரமானது முதலில். ஒரு வாரம் ஆகிவிட்டது, இனிமேல் அதைப் பற்றிப் பேசினால் ஆறுகிற புண்ணைக் கிளறுவது போல ஆகிவிடுமோ என்று தயங்காதீர்கள், உங்கள் தோழி அதை மறந்திருக்க வாய்ப்பே இல்லை. இன்றைக்கே ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்: "அன்னைக்கு நீ அழுதுக்கிட்டே சொன்னப்போ 'அந்தப் பல்லியா'ன்னு கேட்டது என் தப்பு. 14 வருஷம் உன்கூட இருந்த உயிர். உனக்கு எப்படி இருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல. உனக்கு எப்போ பேசணும்னு தோணுதோ அப்போ சொல்லு, நான் கேக்கறேன். இதுக்குப் பதில் போடணும்னு அவசியம் இல்ல." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், துக்கத்தில் இருக்கும் ஆளுக்கு ஒரு செய்திக்குப் பதில் எழுதுவதுகூடப் பெரிய வேலை. இன்னொன்று, "எனக்குப் பல்லின்னா பயம், அதனாலதான் அப்படி வந்துடுச்சு" என்று இந்தச் செய்தியில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் "பரவாயில்ல விடு" என்று அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். பயத்தைப் பற்றிப் பேச வேறு நேரம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அந்த ஒரு வார்த்தை ஏன் இவ்வளவு தைத்தது என்று புரிந்துகொண்டால் மற்றது தானாகவே வரும்.

பெற்றவர்களோ கூடப் பிறந்தவர்களோ போனால் ஊரே துக்கம் விசாரிக்க வரும். நாய் பூனை போனால் பாதிப் பேராவது "ஐயோ பாவம்" என்பார்கள். பல்லி, பாம்பு, எலி, சிலந்தி, நண்டு போனால் என்ன நடக்கிறது தெரியுமா? அழுகிறவர் முதலில் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. கெக்கோ என்றால் என்ன, விஷம் உண்டா, கடிக்குமா, அதைப் போய் ஏன் வளர்த்தாய், அதற்கு உன்னைத் தெரியுமா என்று வரிசையாகக் கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்து, எதிரில் இருப்பவர் "சரி, அழலாம்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அழ முடியும் என்கிற நிலைமை. துக்கத்தைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1980-களிலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று சொல்லலாம். வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளப்படாத, பலர் முன்னால் அழ முடியாத, ஆதரவு கிடைக்காத இழப்பு. இதில் வலி குறையாது, வெட்கம் ஒன்று கூடுதலாகச் சேரும்.

இது புதிய விஷயமும் கிடையாது. ரோமில் சுமார் 2,100 வருஷத்துக்கு முன்னால் லூசியஸ் கிராசஸ் என்று பெரிய பேச்சாளர், அரசியல் தலைவர் ஒருவர் இருந்தார். குளத்தில் அவர் வளர்த்த மோரே என்ற விலாங்கு வகை மீன் செத்தபோது அழுதார் என்று சொல்வார்கள். கூட இருந்த தொமிஷியஸ் என்பவர், போயும் போயும் ஒரு மீனுக்காக அழுதவன்தானே நீ என்று கேலி பேச, மூன்று மனைவிகளைப் புதைத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன்தானே நீ என்று கிராசஸ் திருப்பிக் கேட்டாராம். எல்லாரும் அந்தப் பதிலை ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம், செத்த மீனுக்காக அழுத மனுஷன் அந்த நேரத்தில் வாதாட வேண்டியிருந்ததே என்றுதான் தோன்றும். உங்கள் தோழிக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த வாதத்தை அவர் தலையிலிருந்து இறக்கி வைப்பது. உங்கள் முன்னால் அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு உங்களுக்குப் பல்லி பிடித்திருக்க வேண்டும் என்கிற கட்டாயமே இல்லை.

"அதுக்கு உன்னை அடையாளம் தெரியுமா, உன் மேல பாசம் இருந்துச்சா" என்ற கேள்வி உங்கள் மனதிலும் ஓடும் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். லெப்பர்ட் கெக்கோ வேறு பிராணிகளுக்கு இரையாகிற ஜாதி. புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தால் பல நாள் ஒளிந்தே கிடக்கும், கை நீட்டினால் ஓடும், மிரண்டால் வாலையே கழற்றிப் போட்டுவிடும். அப்படிப்பட்ட ஒன்று, மாதக்கணக்கில் பொறுமையாகப் பழகிய பிறகு ஒரு நாள் தானாகவே நடந்து வந்து உள்ளங்கையில் ஏறி நிற்கும். சுவரில் ஓடும் சாதாரணப் பல்லிக்கு இமை கிடையாது, அதனால் கண்ணை மூட முடியாது. லெப்பர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். பயந்து பிழைக்கவே பிறந்த ஒரு சின்ன உயிர் உங்கள் கையில் கண்ணை மூடுகிறது என்றால் அது என்ன என்று வளர்த்தவருக்குத் தெரியும். அதைப் பாசம் என்று சொல்லலாமா, பழக்கம் என்று சொல்ல வேண்டுமா என்று விவாதம் செய்ய இது நேரம் இல்லை. 14 வருஷம் ஒருவர் தினமும் ஒரு உயிருக்கு வேண்டியதைச் செய்திருக்கிறார், அந்தப் பக்கத்து அன்பில் யாருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை.

சிலந்தி வளர்ப்பவர்களுக்கு இந்த அளவுகூடக் கிடைக்காது. ஆனாலும் மனசு ஒட்டிக்கொள்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற விஞ்ஞானி 1974-இல் மண்ணில் வளை தோண்டி அதற்கு மூடி போட்டு வாழும் ஒரு பொறிக்கதவுச் சிலந்தியின் வளையைக் குறித்து வைத்து 'எண் 16' என்று பெயர் கொடுத்தார். அது அதே வளையில் 43 வயது வரை இருந்தது. 2016-இல் ஒரு குளவி அந்த வளையின் மூடியைத் துளைத்திருந்ததைப் பார்த்தார்கள், சிலந்தியைக் காணவில்லை. அது யாருடைய வளர்ப்புப் பிராணியும் இல்லை, காட்டில் இருந்தது. இருந்தும் அந்தச் செய்தி வந்தபோது எட்டுக் கால் பூச்சி என்றால் ஓடுகிற ஆட்களே வருத்தப்பட்டதைப் பார்த்தேன். வீட்டில் வளர்க்கும் டரன்டுலா என்ற பெரிய சிலந்தி வகையிலும் சில இனங்களின் பெண் சிலந்தி 20 வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சிலந்தி, அதை வைத்திருப்பவரின் படிப்பு, முதல் வேலை, கல்யாணம் எல்லாம் தாண்டி வந்திருக்கும்.

இப்போது அவர் வீட்டை நினைத்துப் பாருங்கள், ஏனென்றால் வெளி ஆட்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. நாய் போனால் அதன் தட்டும் கயிறும்தான் மிச்சம். கெக்கோ போனால் அதன் உணவு உயிரோடு மிச்சம் இருக்கும். அது சாப்பிடுவது சுவர்க்கோழிப் பூச்சியும் மீல்வார்ம் புழுவும், அவற்றை உயிரோடு ஒரு பெட்டியில் வைத்து அவற்றுக்கும் தீனி போட்டு வளர்ப்பார்கள். கெக்கோ செத்த ராத்திரியிலும் அந்தச் சுவர்க்கோழிகள் கத்திக்கொண்டிருக்கும். தொட்டிக்கு அடியில் சூடு தரும் விரிப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும், பலர் அதை அணைக்க மனசில்லாமல் நாள்கணக்கில் விட்டு வைப்பார்கள், எனக்கு அது நன்றாகவே புரியும். காலையில் எழுந்ததும் தொட்டியின் வெப்பமானியைப் பார்ப்பது, தண்ணீர் மாற்றுவது, சாயங்காலம் அது வெளியே வரும் நேரம் பார்த்து விளக்கைக் குறைப்பது, தோல் உரிக்கிற நாட்களில் ஈரப் பஞ்சு வைப்பது, பூச்சியின் மேல் கால்சியம் பொடி தூவுவது என்று ஒரு நாளின் எலும்புக்கூடே அந்தப் பிராணியைச் சுற்றித்தான் நின்றிருக்கும். 14 வருஷப் பழக்கத்தில் கை தானாக வெப்பமானிப் பக்கம் போகும், போன பிறகுதான் ஞாபகம் வரும்.

அதனால் "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அந்தப் பூச்சிப் பெட்டியை நான் எடுத்துட்டுப் போகவா, வளர்க்கறவங்க யார்கிட்டயாவது கொடுத்துடறேன்" என்று கேட்டால் அது எவ்வளவு ஆழமாகப் போய்ச் சேரும் என்று சொல்லவே முடியாது. அவர் வீட்டுச் சத்தம் வரைக்கும் யோசித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தொட்டியை அவர் சொல்லாமல் கழுவவோ நகர்த்தவோ கூடாது. மணலில் கால் தடம் இருக்கும், அது அவருக்கு வேண்டும். கெக்கோ ஏதாவது தொற்று நோயில் இறந்திருந்தால் தொட்டிக்குள் இருந்த பூச்சியையோ பொருளையோ இன்னொரு பிராணிக்குக் கொடுக்கவும் கூடாது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சொல்லக்கூடாத வார்த்தைகள் சில இருக்கின்றன. "பல்லிதானே" உங்களுக்கே தெரிந்துவிட்டது. "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்பது ஆறுதலாக நினைத்துச் சொல்லப்படுவது, கேட்பவருக்கு உடைந்த டம்ளர் கணக்கில் பேசுவது போல விழும். "14 வருஷம் வாழ்ந்துடுச்சே, அதுவே அதிகம்தானே" என்பதும் அப்படித்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் லெப்பர்ட் கெக்கோ 15, 20 வருஷம்கூட இருக்கும், அது அவருக்குத் தெரியும், நீங்கள் சொன்ன உடனே மனசில் கணக்குப் போட்டு "அப்போ எங்கே தப்புப் பண்ணேன்" என்று ஆரம்பித்துவிடுவார். விலை எவ்வளவு என்று கேட்கவே கேட்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய கேள்வி "எதனால செத்துச்சு?" என்பது. சாதாரணமாகக் கேட்போம், அக்கறையில்தான் கேட்போம். ஆனால் இந்த மாதிரிப் பிராணி வளர்ப்பவர்களுக்குத் துக்கத்தின் பெரும் பங்கு குற்ற உணர்வு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரையாகும் பிராணிகள் நோயை மறைக்கும். பலவீனம் வெளியே தெரிந்தால் வேறு பிராணி பிடித்துத் தின்றுவிடும் என்பது அவற்றின் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. பறவை, முயல், கினி பன்றி, பல்லி, ஆமை எல்லாமே கடைசி வரை ஒன்றும் இல்லாதது போல இருக்கும், நமக்குத் தெரிய வரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அப்புறம், ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் எங்கேயுமே குறைவு. அலைந்து கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். வளர்ப்பு முறை பற்றிப் படித்தால் ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் நேர் எதிராகச் சொல்வார், பத்து வருஷத்துக்கு முன்னால் சரி என்றது இன்றைக்குத் தப்பாகியிருக்கும். இவ்வளவும் சேர்ந்து, பிராணி செத்த மறுநாள் வளர்த்தவர் உட்கார்ந்து பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வால் எப்போது மெலிய ஆரம்பித்தது? லெப்பர்ட் கெக்கோ கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும், உடம்பு சரியில்லை என்றால் அது மெல்ல மெல்ல இளைக்கும், தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு முந்தைய படத்தில் தெரியும். அதைக் கண்டுபிடித்த நிமிஷம் அவர் தன்னையே மன்னிக்க மாட்டார்.

அப்போது "உன் மேல தப்பே இல்ல" என்று சட்டென்று சொல்லி மூடிவிடாதீர்கள். உங்களுக்குப் பல்லி பற்றித் தெரியாது என்று அவருக்குத் தெரியும், அதனால் அந்த வார்த்தைக்கு எடை இருக்காது. முதலில் முழுசாகச் சொல்ல விடுங்கள். மூன்று தடவை ஒரே விஷயத்தைச் சொன்னால் மூன்று தடவையும் கேளுங்கள். பிறகு சொல்லலாம், "அன்னைக்கு உனக்குத் தெரிஞ்சதை வெச்சு நீ பார்த்துக்கிட்ட. இன்னைக்குத் தெரியறது அன்னைக்குத் தெரியாது." இது உண்மை, உண்மை என்பதால் நிற்கும்.

சில நேரம் நிஜமாகவே தவறு நடந்திருக்கும். ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, அதே வீட்டில் இருக்கும் பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும், பறவைகளின் சுவாச அமைப்பு அவ்வளவு நுட்பமானது. இப்படி ஒரு கிளியை இழந்த ஒருவர் என்னிடம் வந்து "நான்தான் கொன்னேன்" என்றார். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். "தெரிஞ்சிருந்தா நீங்க அடுப்பையே பத்த வெச்சிருக்க மாட்டீங்க" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதார். பிறகு கிளி எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று அவராகவே பேச ஆரம்பித்தார். தப்பையும் அன்பையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உங்கள் தோழி இன்னொரு பயத்தையும் சொல்லக்கூடும், "உயிர் இருக்கும்போதே புதைச்சிட்டேனோ." கேட்க விசித்திரமாக இருக்கும், சிரித்துவிடாதீர்கள். ஊர்வன குளிர்ந்துபோனால் உடல் இயக்கம் அவ்வளவு மெதுவாகிவிடும், இதயத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்களே டாப்ளர் கருவி வைத்துக் கேட்பதுண்டு. ஆக அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. மருத்துவர் பார்த்து உறுதி செய்திருந்தால் அதை நினைவுபடுத்துங்கள். இல்லையென்றால் கடைசி நேரத்தில் என்ன பார்த்தார், எவ்வளவு நேரம் கூட உட்கார்ந்திருந்தார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்திருப்பார், அதைத் தன் வாயால் சொல்லும்போதே அந்தப் பயம் கொஞ்சம் தணியும்.

சரி, என்ன கேட்கலாம்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் எலி வளர்த்தேன். எலிக்கு ஆயுளே 2-லிருந்து 3 வருஷம், பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி வருவது சகஜம். இதுவும் அப்படித்தான், 2 வருஷம் 4 மாதத்தில் போய்விட்டது. "ரெண்டு வருஷத்துக்கா இவ்வளவு" என்றார்கள். ஒருவர் பொறி வைத்துப் பிடிக்கிற ஜந்துவுக்கு யாராவது அழுவார்களா என்று கேட்டார். அந்த வாரத்தில் எலியைக் கண்டாலே ஆகாத ஒரே ஒருத்தர் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அது தூங்கறப்போ எப்படித் தூங்கும்?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினேன். சட்டைக் கையின் உள்ளே நுழைந்து முழங்கை மடிப்பில் சுருண்டு படுத்துக்கொள்ளும், சந்தோஷமாக இருந்தால் பல்லை மெல்ல நறநறவென்று தேய்க்கும், வயசான பிறகு ஏற முடியாமல் நின்று என்னைப் பார்க்கும் என்று எல்லாம் சொன்னேன். அவர் இடையில் பேசவே இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

அந்த மாதிரி ஒரு கேள்வி. பெயர் என்ன, யார் வைத்தது, ஏன் அந்தப் பெயர்? முதல் நாள் எப்படி வீட்டுக்கு வந்தது? தொட்டியில் அதற்குப் பிடித்த மூலை எது? எந்தப் பூச்சிக்கு ஓடி வரும், எதை ஒதுக்கும்? இப்படிச் சின்னதாக, குறிப்பாக. "நீ எப்படி இருக்க" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். பெயர் தெரிந்த பிறகு 'அது', 'பல்லி' என்று சொல்வதை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

14 வருஷத்துக்கு முன்னால் அவர் வாழ்க்கை எப்படி இருந்தது என்றும் யோசித்துப் பாருங்கள். இசைமேதை மொஸார்ட் 1784 மே மாதத்தில் ஒரு ஸ்டார்லிங் பறவை வாங்கினார், மைனா குடும்பத்துப் பறவை அது. 1787 ஜூன் 4-ஆம் தேதி அது செத்தபோது முறையாக இறுதி ஊர்வலம் வைத்துப் புதைத்து ஒரு கவிதையும் எழுதினார். அதற்கு ஒரு வாரம் முன்னால், மே 28-ஆம் தேதிதான், அவருடைய அப்பா இறந்திருந்தார். ஒரு இழப்பு இன்னொன்றைத் தொட்டு எழுப்பும். உங்கள் தோழி அந்தக் கெக்கோவை யாரோடு சேர்ந்து வாங்கினார், அந்த ஆள் இப்போது இருக்கிறாரா, எந்தக் கஷ்ட காலத்தில் அது அந்த அறையில் இருந்தது என்பதெல்லாம் அந்தக் கண்ணீரில் கலந்திருக்கும். நெருங்கிய தோழி என்பதால் உங்களுக்கே பாதி தெரிந்திருக்கும். நீங்களாக இழுக்க வேண்டாம், அவர் அந்தப் பக்கம் போனால் கூடவே போங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். நடிக்க வேண்டாம் என்று நினைப்பது ரொம்பச் சரி. "எனக்கும் அதை ரொம்பப் பிடிக்கும்" என்று சொன்னால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார், 14 வருஷம் நீங்கள் தொட்டிப் பக்கமே வராததைப் பார்த்தவர்தானே. நேரில் உட்கார்ந்திருக்கும்போது, அவராக அதைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, "எனக்குப் பயம்னு உனக்கே தெரியும். ஆனா இதோட போட்டோ ஒண்ணு காட்டு, உனக்குப் பிடிச்சது" என்று சொல்லுங்கள். படத்தில் பார்ப்பது நேரில் பார்ப்பது போல இருக்காது, உங்களால் முடியும். பயந்த ஆள் தன்னிடம் வந்து படம் கேட்கிறாள் என்பதன் அர்த்தம் அவருக்குப் புரியும். முடியவே முடியாது என்றால் அதையும் சொல்லிவிட்டு, "படம் வேணாம், நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்றால்கூடப் போதும்.

துக்கத்தில் ஐந்து கட்டம் உண்டு, இப்போது கோபக் கட்டம், அடுத்து இது வரும் என்று சொல்லித்தர யாராவது வருவார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அந்தக் கட்டங்களை எழுதியது தன் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. துக்கப்படுகிறவர்கள் அந்த வரிசையில் நடப்பதில்லை. ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது எனக்கு அனுபவத்தோடு பொருந்துகிறது, மனசு இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறி ஊசலாடும் என்றார்கள். மத்தியானம் உங்களோடு சிரித்துப் பேசியவர் ராத்திரி அழுதால் அது நாடகம் கிடையாது. சிரித்தாரே, சரியாகிவிட்டது என்று முடிவும் கட்டிவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பிராணி சாகாமல் காணாமல் போயிருந்தால், அதாவது தப்பிப் போன பாம்பு, வேலி தாண்டிய ஆமை, ஜன்னல் வழியாகப் பறந்த பறவை, அது இன்னொரு வகைக் கொடுமை. பாலின் பாஸ் என்ற அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். அழவும் முடியாது, நம்பவும் முடியாது. "கெடச்சுடும்" என்றும் சொல்லாதீர்கள், "போனது போனதுதான்" என்றும் சொல்லாதீர்கள், டார்ச் எடுத்துக்கொண்டு கூடத் தேடப் போங்கள். இன்னொன்று, சாவுக்குக் காரணம் தெரிய வேண்டும் என்று நினைத்தால் உடலைக் குளிர்பதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில், காற்றுப் புகாமல் சுற்றி வைக்க வேண்டும், உறைய வைத்தால் திசு கெட்டுப் பரிசோதனை சரியாக வராது. மீனைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள். நோய்க் கிருமி நீர்நிலைக்குப் போகும் என்பது ஒரு காரணம், அதைவிட அந்த வார்த்தையைக் கேட்கும் ஆளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் இருப்பார்கள். அவர் இல்லாத இடத்தில் யாராவது "பல்லி செத்ததுக்கு லீவாம்" என்று சிரிக்கும்போது நீங்கள் சும்மா இருந்தால் அது எப்படியாவது அவர் காதுக்குப் போய்விடும். நீளமாகப் பேச வேண்டாம், "14 வருஷம் வளர்த்திருக்கா, விடுங்க" என்று ஒரு வரி போதும். அதுவும் அவர் காதுக்குப் போகும்.

முதல் வாரத்துக்குப் பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து, பெயரைச் சொல்லி, "இன்னைக்கு ஞாபகம் வந்துச்சு, நீ எப்படி இருக்க" என்று ஒரு செய்தி போடுங்கள். புதுக் குட்டி எதையும் பரிசாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவராகவே அடுத்த வாரமே ஒன்று வாங்கி வந்தாலும், மூன்று வருஷம் தொட்டியைக் காலியாகவே வைத்திருந்தாலும், இரண்டையும் கேள்வி கேட்காமல் விடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, வேலை எதுவும் நடக்காமல் போனாலோ, இனி வாழ்ந்து என்ன என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ, அப்போது மட்டும் ஒதுங்கி நிற்காதீர்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டு, மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பல்லிக்காக யாரும் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், மேலே சொன்ன மாதிரி அதில் வேறு எத்தனையோ கலந்திருக்கும்.

இன்றைக்குச் செய்தி அனுப்புங்கள். வரச் சொன்னால் நேரில் போங்கள். மூடியில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட டப்பா ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், அடியில் முட்டை அட்டைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் சுவர்க்கோழிகள் அதில் ஏறி ஒட்டிக்கொள்ளும், எடுத்து வர உங்களுக்கும் சுலபமாக இருக்கும்.